ஏழு வரிசை

பாஸார்ஜிக்கில் ஜூன் வெயில்
மூன்றே நாளில் களிமண்ணை ஓடாக்கிவிடும்.
ஏழு வரிசைத் தக்காளிக்கு
எப்படித் தண்ணீர் விடுவதென்று
மார்ச்சிலேயே சமையலறை மேசையில் சண்டை.

தெளிப்பானை முதலில் தள்ளினோம்.
போன வருடம் அது நனைத்த இலைகளில்
கரும்புள்ளி விழுந்து
ஆகஸ்டுக்கு முன்னே காம்புதான் மிஞ்சியது.
அதில் எங்களுக்குள் வழக்கில்லை.

லூபென் பார் பிடித்துப் பாய்ச்சுகிறவன்.
மடையைத் திறந்துவிட்டு
மண்வெட்டியும் கையுமாய்
தண்ணீருக்கு முன்னால் நடப்பான்,
சேறு செருப்பைப் பிடுங்கப் பிடுங்க.
முதல் செடிக்குக் கழுத்துவரை.
கடைசிச் செடிக்கு
வந்தால் உண்டு.

நான் கறுப்புக் குழாய் வாங்கி வந்தேன்,
சாணுக்கொரு துளை.
"சொட்டுச் சொட்டாய் ஊட்டுவதற்குச்
செடி என்ன சீக்காளியா?" என்றான்.

நாலு வரிசை எனக்கு, மூன்று அவனுக்கு.

ஜூலையில் அவன் பழங்கள் வெடித்தன,
காயப்போட்டுவிட்டு
ஒரேயடியாய்க் குடிக்கக் கொடுத்ததில்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
வெடித்ததையெல்லாம் வாரி
மிளகாயோடு தொக்குக் கிளறினேன்.

எலி என் குழாயைக் கடித்து
மூன்றாம் வரிசை இரண்டு நாள் வாடியது.
அவனும் ஒன்றும் சொல்லவில்லை.
காலையில் பார்த்தால்
கடிபட்ட இடத்தில் சைக்கிள் டியூப் துண்டு,
கம்பியால் இறுக்கிக் கட்டி.

நேற்று இருட்டிய பிறகு
என் வரிசையில் குந்தியிருந்தான்,
மணிக்கட்டுவரை மண்ணுக்குள் கைவிட்டு.
"உள்ளே ஈரம் இருக்கு," என்றான்,
கடன்காரனிடம் காசு எண்ணி வாங்குகிறவன் குரலில்.
"ஆனா ஓடுறது தெரியலையே, ஸ்த்ராவ்கா."

அவன் பாதம் உலர்ந்திருந்தது.