பெரும்பாலும்

லியுப்லியானாவில் மூன்று நாளாய் மூடுபனி.
சன்னலோரம் ஒரு கண்ணாடிக் குடுவை.
உள்ளே செனானும் ஃபுளோரினும்
பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள்.

மிலோய்க்கா விடைத்தாள் திருத்துகிறாள்.
'வெளிக்கூட்டில் எட்டு நிறைந்த அணு
யாரோடும் சேராது.'
நாற்பத்தொரு தாளிலும் அதே வரி.

ஆஜ்பே என்றொருவன் மட்டும் மேலும் எழுதியிருக்கிறான்:
போரானுக்கு ஆறு புள்ளி, அத்தோடு நிறுத்தம்.
நைட்ரிக் ஆக்சைடில் தனியாய் ஒரு புள்ளி,
ஓரத்தில் பொடி எழுத்தில்:
'இதற்கு ஜோடி கிடைக்கவில்லை, மன்னிக்கவும்.'

மன்னிக்க என்ன இருக்கிறது?
அது அப்படித்தான்.
முழு மதிப்பெண்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு
சொல்லாமல் கொள்ளாமல் வந்தது வெயில்.
வெள்ளி மாலை
குடுவையின் உட்சுவரில் உப்புப் பொரிந்தாற்போல் ஏதோ.
மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தாள்.
நிறமில்லாத படிகங்கள்.
எட்டும் நிறைந்த செனான்
இரு பக்கமும் ஃபுளோரினைப் பிடித்திருந்தது.
எண்ணினால் பத்து.

கட்டை மறுபடி பிரித்தாள்.
ஒவ்வொரு 'சேராது'வுக்கும் முன்னால்
சிவப்பில் செருகினாள்: 'பெரும்பாலும்.'
முப்பத்தாறாம் தாளில் மை தீர்ந்தது.
மீதி ஐந்தும்
பென்சிலில்.