சில்வர் நைட்ரேட்

முதலாண்டில் எங்களுக்கு உப்பு கொடுத்தார்கள்,
கண்ணாடிக் குப்பியில், எண் எழுதி, பெயர் எழுதாமல்.
நிறம் பார் என்றார்கள். சூடுபடுத்து. முகர்ந்து பார்,
மூக்கை நேராக வைக்காதே, கையால் விசிறி.
கிப் உபகரணத்தின் குழாயைத் திறந்ததும்
பண்ருட்டிப் பெண்கள் துப்பட்டாவால் மூக்கை மூடினார்கள்.
நான் மூடவில்லை.
சிதம்பரம் பேருந்தில் தினமும் வந்துபோகிறவளுக்கு
அழுகிய முட்டை ஒரு நிறுத்தத்தின் பெயர்.

பழுப்பு வளையம் எனக்கு இரண்டு முறையும் வரவில்லை.
தேசிங்கு அண்ணன் குடுவை கழுவிக்கொண்டே
"பதினேழாம் நம்பரா? நைட்ரேட்டுதான், எழுதும்மா" என்றார்.
எல்லா உப்புக்கும் விடை
அவர் சட்டைப்பையில் மடித்த தாளில் இருந்தது.
வளையம் தோன்றியது என்று எழுதி
பக்கத்தில் பென்சிலால் ஒரு வளையமும் வரைந்தேன்.

இரண்டாமாண்டு கரிம வேதியியல்.
அறுகோணம் போட்டுப் போட்டு
நோட்டின் பின்பக்கம் தேனடை ஆயிற்று.
அதன் பிறகு ஜன்னலோரத்தில் ஒரு தொல்லை.
முன்பெல்லாம் 'நாத்தம்' என்ற ஒரு சொல் போதும்.
இப்போது மெர்கேப்டனா, அமீனா,
கொஞ்சம் எஸ்டரும் கலந்திருக்கிறதோ என்று
மூக்கு கேள்வித்தாள் நீட்டுகிறது.
பக்கத்தில் வேம்பரசி வாய் பிளந்து தூங்குகிறாள்.
பெயர் தெரிந்ததால் ஒன்றும் குறையவில்லை,
இரண்டு நிறுத்தம் கூடுதலாக முகர்ந்தேன்.

மூன்றாமாண்டு, பயன்பாட்டுப் பகுப்பாய்வு.
"நீர் மாதிரி அவரவர் வீட்டிலிருந்து" என்றார் சூசைமேரி மேடம்.
அடிபம்பை ஐந்து நிமிடம் அடித்து
தேங்கியதை வெளியேற்றி,
பாட்டிலை அதே நீரில் மும்முறை அலசி
விதிப்படி நிரப்பினேன்.
"ஏங்க்கா, தண்ணிக்கு ஜுரமா?" என்றான்
எதிர்வீட்டு மாதேஷ்.

பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு. மஞ்சள்.
பியூரெட்டில் சில்வர் நைட்ரேட்.
செங்கல் நிறம் வந்து நின்றால் முடிவு.
வேம்பரசிக்கு, அவள் நெல்லிக்குப்பம்,
மூன்று மில்லியில் வந்து நின்றுவிட்டது.
எனக்குப் பத்து. இருபது.
வெள்ளை வீழ்படிவு மோராய்த் திரண்டு,
நடுவில் சிவந்து, குலுக்கினால் மறைந்து,
முப்பத்தைந்து,
நாற்பத்தெட்டு.
பியூரெட் காலி. குடுவை இன்னும் மஞ்சள்.

தேசிங்கு அண்ணன் எட்டிப் பார்த்தார்.
பழக்கத்தில் சட்டைப்பையைத் தொட்டார்.
பிறகு, "இதுக்கு எங்கிட்ட இல்லியேம்மா" என்றார்.

"பத்துக்கு ஒன்று நீர்த்துக்கொள்" என்றார் மேடம்,
"சில்வர் நைட்ரேட் என்ன விலை தெரியுமா?"
நீர்த்தேன். இரண்டு அளவீடு ஒத்துவந்தால் போதும்.
மூன்றும் ஒத்துவந்தன.
பெருக்கி, வகுத்து, மீண்டும் பத்தால் பெருக்கி
ஓர் எண்ணைப் பென்சிலில் எழுதினேன்.
பேனாவில் எழுது என்றார்.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் கேட்டார்:
"இவ்வளவு குளோரைடு எங்கிருந்து?"
கிழக்கே கடல். மேற்கே புகைபோக்கிகள்.
நடுவில் உப்பனாறு, இரு பக்கமும் உறவு.
குளோரைடு தன் ஊரைச் சொல்லாது சார்,
இந்தச் சோதனையில் அளவு மட்டும்தான், என்றேன்.
"பிழை எங்கே நேர்ந்திருக்கலாம்?"
அது புத்தகக் கேள்வி. பதில் மனப்பாடம்.
கண்மட்டம், காற்றுக்குமிழி, அலசாத பிப்பெட்.
வரிசையாகச் சொன்னேன்.
அவர் பாட்டில் தண்ணீரில் ஒரு மிடறு குடித்து
அடுத்த எண்ணை அழைத்தார்.

ஒன்றை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.
அளந்த அன்று ஆய்வகத்துக்குள்
என் கை சுத்தமாகத்தான் இருந்தது.
பேருந்திலிருந்து வெயிலில் இறங்கி நடக்கையில்
கருக்கத் தொடங்கியது,
கட்டைவிரல், ஆள்காட்டி விரல்,
உள்ளங்கையில் வழிந்த ஒரு கோடு.

"மருதாணியாடி இது, இவ்ளோ அலங்கோலமா?" என்றாள் அம்மா,
குழம்புக்கு வழக்கம்போல் பாதி உப்பு போட்டபடி.
ஒரு வாரம் ஆகும் என்றேன்.
சோப்புக்குப் போகாது.
எங்கள் தண்ணீரில் சோப்பு நுரைப்பதுமில்லை.