வழிமொழிபவன்

சூயாக் கிராமசபை. செவ்வாய், மாலை ஐந்தரை.
ஒன்பது நாற்காலி, எட்டுப் பேர்.
ஒன்பதாவதில், விசிறிக்குப் பயந்து
கல் வைத்த காகிதங்கள்.

சென்ற கூட்டத்தின் குறிப்பு
வாசித்ததாகக் கொள்ளப்பட்டது.
யாரோ முன்மொழிந்தார்.
நான் வழிமொழிந்தேன்.

நாலு வருஷமாக எனக்கு இதுதான் வேலை.
மளிகைக்கடை லாபோந்தே அம்மாள்
வாய் திறந்து மூடுவதற்குள்
என் கை மேலே போயிருக்கும்.
பேருந்து நிறுத்தத்துக்குப் புதுத் தகரம்: நான்.
தெல்ஃபேர் தோட்டத்தில் பாதாம் கிளை வெட்ட: நான்.
தைப்பூசத்தன்று தார் சுடும்,
காவடி வரும் சாலையில் தண்ணீர் தெளிக்க ஒரு லாரி:
அதற்கு இரண்டு கையையும் தூக்கினேன்.
தெருநாய் பற்றி மாவட்டசபைக்கு ஏழாவது கடிதம்.
முன்னாள் தலைவர் இறந்தபோது ஒரு நிமிட மௌனம்,
அதையும் வழிமொழிந்தேன்.
அதற்கெல்லாம் தேவையில்லை என்று
செயலர் கவிஷா விளக்கியதில்
மௌனம் பாதி கரைந்துபோனது.

ஊரில் என்னை மிஸ்யே செகோன் என்பார்கள்.
"கல்யாணத்தையும் நான்தான் முன்மொழிந்தேன்,
இவர் கை தூக்கினார்"
வந்தவர்களிடமெல்லாம் சொல்வாள் பூங்காவனம்.

இன்று பதினோராவது: இதர விஷயங்கள்.
எல்லோரும் பையை மூடும் நேரம்.

என் வீட்டெதிரே வடிகாலுக்கு மூடி இல்லை.
மூன்று வருஷம்.
பழைய தேர்தல் பலகை ஒன்றை யாரோ போட்டு மூடினார்கள்,
சிரித்த முகம் மேலே பார்க்க.
வண்டி ஏறினால் டடாங்.
ராத்திரி இரண்டுக்கு ரொட்டிக்காரன். டடாங்.
போன மாதம் வேலை முடிந்து வந்த தாதிப் பெண்ணுக்கு
பலகை விலகி, முழங்காலில் நாலு தையல்.

முன்மொழிகிறேன் என்றேன்.
புதிதாய்க் கட்டிய பல்போல
அந்தச் சொல் வாய்க்குள் இடறியது.

கவிஷா நிமிர்ந்தாள்.
நேரம் மிச்சம் பிடிக்கிற பெண்;
எல்லாத் தீர்மானத்துக்கும் கீழே
வழிமொழிந்தவர் கட்டத்தில்
என் பெயரை மதியமே எழுதிவிடுவாள்:
தாத்தாவின் தாத்தா கப்பலிறங்கிய அன்று
சிதம்பரமாய் இருந்து
பதிவேட்டில் செல்லும்ப்ரும் ஆன பெயர்.

"யார் வழிமொழிவது?" தலைவர் ரம்சரண்.

ஏழு முகமும் என்னைப் பார்த்தன.
என் கையும் என்னைக் கேட்காமல்
மேலே போய்விட்டது.

யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் இறக்கியிருப்பேன்.
எங்கள் கரையில் பவளத்தடுப்பு கிடையாது,
அலை நேராக வந்து பாறையில் மோதும்.
இத்தனை கூட்டத்தில்
அன்றுதான் எனக்கு அது கேட்டது.

"இந்தத் தெருவில் உங்களுக்குச் சொந்த ஆதாயம் ஏதும் உண்டா,
குறிப்பில் எழுதவேண்டும்."

"தூக்கம்" என்றேன்.
அந்தப் பெண்ணின் முழங்கால் என்று சொல்லியிருக்கலாம்.
வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

ரம்சரண் கடிகாரம் பார்த்தார்.
வழிமொழிவார் இன்மையால், என்று தொடங்கிவிட்டார்.

அப்போது லாபோந்தே அம்மாள்,
கைப்பைக்குள் சாவி தேடியபடியே:
"அந்தப் பலகையில் இருப்பது என் கொழுந்தன்.
ஊரே அவர் மூக்கின்மேல் வண்டி ஓட்டுகிறது.
போன தடவை தோற்றது போதாதா?
வழிமொழிகிறேன்."

கவிஷா அளவுகோல் வைத்து
என் பெயரை அடித்தாள். கோணாத கோடு.
மேலே, முதல் கட்டத்தில்
மறுபடி எழுதினாள், கொஞ்சம் மெதுவாக.

தீர்மானம்: மூடியின் விலை கேட்டு
மாவட்டசபைக்குக் கடிதம் அனுப்புவது.
ஆட்சேபம் இல்லை.

வனிலா டீ வந்தது, எண்ணெய் ஊறிய தாளில்
கத்தோ பிமாங்.
கூட்டத்தை முடிக்கலாம் என்று யாரோ முன்மொழிந்தார்.
பேச்சு நின்றது. எல்லோரும் காத்திருந்தார்கள்.
வாயில் மிளகாய் எரிய
கை தூக்கினேன்.

இரண்டு மணிக்கு ரொட்டிக்காரன் போனான்.
டடாங்.
நாய்க்கு ஏழு கடிதம்; மூடிக்கு இது முதலாவது
என்று எண்ணி
மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.