மூடி திறந்திருக்கட்டும்

கீழக்கரையில் ஒரு மூன்றாவது மாடிக்கு
கிரேன் தூக்கிவைத்த வெந்நீர்த் தொட்டி.
ஆறு பேர் உட்காரலாம் என்று விலாவில் எழுதியிருக்கிறது.
உட்காரப்போவது ஒருத்தி.
சபீனா. இரண்டு முழங்காலிலும் தேய்மானம்.
"பொம்பளப் புள்ளயா அனுப்புங்க" என்று
ஹாங்காங்கிலிருந்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டதால்
சத்திரக்குடியில் பஸ் ஏறி வந்தவள் நான்.
பையில் ஐந்து டப்பா, சோதனைத்தாள் ஒரு கட்டு,
மதியத்துக்குப் புளிச்சோறு.

"புதுசுதானே, எதுக்குக் கழுவணும்?"
ஆலையில் ஒருமுறை நிரப்பி ஓட்டிப் பார்த்திருப்பார்கள்.
அதன் மிச்சம் குழாய் வளைவுகளில்
இன்னும் படுத்துக் கிடக்கும்,
எந்த ஊர்த் தண்ணீரோ, எத்தனை மாதமோ.
கழுவுமருந்து ஊற்றி மோட்டாரைப் போட்டேன்.
அத்தனை துளையும் சாம்பல் நுரை கக்கியது.
சபீனா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.
பொத்திக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

வடித்துத் துடைத்தாயிற்று. இனி நல்ல தண்ணீர்.
இந்தத் தெருவில் கிணறு உப்பு,
போர் அதைவிட உப்பு.
பூமிராஜன் டேங்கர் கொண்டுவந்தான்,
"கற்கண்டுத் தண்ணிக்கா" என்று
ஸ்டியரிங்கில் அடித்துச் சத்தியம் பண்ணினான்.
ஆயிரத்து நானூறு லிட்டர்.
மேலாக ஊற்றினால் பம்ப்பில் காற்றடைக்கும் என்று
வடிகட்டிக் கூட்டுக்குள் ஹோஸை விட்டேன்.
மெதுவாக ஏறியது. கண்ணாடி.
அடியில் நான் தவறவிட்ட ஒரு திருகின்
மரையை எண்ணலாம்.

காரத்துக்கு முதலில் சோடா மாவு,
அரைமணி கழித்து ஒரு தாள், இன்னொரு தாள்.
பிறகுதான் குளோரின், கரண்டியளவு கூடுதலாக.

அப்போது கறுத்தது.
ஓரத்தில் ஒரு புகை போல ஆரம்பித்து
மோட்டார் ஒரு சுற்று சுற்றுவதற்குள்
தொட்டி முழுக்க வரட்டீ.
"நல்லாத்தானே இருந்துச்சு.
நீ என்னமோ போட்டுக் கெடுத்துட்டே."

போட்டதால் வந்ததில்லை.
தெளிவாக இருந்தபோதே உள்ளே இரும்பு கரைந்திருந்தது,
குளோரின் தொட்டதும் துருவாகி எழுந்து நிற்கிறது.
எப்படிச் சொல்ல என்று யோசித்து,
"கல்யாணப் பந்தலில் எவனோ ஒருவன்
பழைய கடனைப் பற்றி வாய்திறந்த மாதிரி" என்றேன்.
அவளுக்கு யாரோ ஞாபகம் வந்திருக்க வேண்டும்.
நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வீடியோவில் வீட்டுக்காரர் வந்தார்.
கேமராவைக் கடல் பக்கம் திருப்பி
"வேலை நடக்குது" என்று வைத்துவிட்டாள்.

கடைசி பஸ்ஸை விட்டேன்.
இரண்டு மணிக்கொருதரம் வடிகட்டியைக் கழற்றி
குழாயடியில் பீய்ச்சி அலசினால்
செங்கல் கரைசலாக ஓடியது.
மூடியைப் போடவா என்றாள், பூனை விழுந்துடும்.
வேண்டாம், திறந்திருக்கட்டும்.
அடைத்துவைத்தால் அந்த ஆவி போக வழியில்லாமல்
மூடியையே தின்னும்.
ஆகவே பூனைக்குக் காவலாக அவளே உட்கார்ந்தாள்,
மடியில் ஒரு தட்டுத் தொதல்,
முட்டியில் தைலம்.
ஜெட்டியில் இரண்டு விளக்கு. காற்றில் உப்பு.
அதிகமாக ஒன்றும் பேசவில்லை.
ஒருமுறை மட்டும், "நாலாவது வாட்டியா?" என்று கேட்டாள்.
ஐந்தாவது.

ஃபஜ்ருக்கு பாங்கு சொன்னபோது
திருகு மறுபடி தெரிந்தது.
தாள் மூன்றைக் காட்டியது. வெப்பம் முப்பத்தெட்டு.

"குளிச்சிட்டு இறங்குங்கம்மா."
"குளிக்கத்தானே இறங்குறேன்?"
சோப்பு, எண்ணெய், அந்தத் தைலம்,
எல்லாவற்றையும் இந்தத் தண்ணீர்தான் சுமக்கணும் என்றேன்.
"அப்ப நான் அழுக்குங்கிறே."
எல்லாரும்தான் என்றேன்.
முறைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனாள்.

நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பி நின்றேன்.
முதுகுக்குப் பின்னால்
ஒரு கால், நெடுநேரம் கழித்து மறு கால்,
தண்ணீர் மட்டம் உயரும் சத்தம்.
"யா அல்லாஹ்."
அப்புறம் ஒன்றுமில்லை.
மோட்டார் மட்டும்.

பிறகு, "புள்ள,
மொட்டமாடி டேங்க்ல மத்தியானம் வர்ற தண்ணி
இதவிடச் சூடுடி."