நாலு நங்கூரம்

கோரிமேட்டு ஆஸ்பத்திரி மரத்தடியில்
போர்வை விரித்திருக்கிறேன். பதினோராம் ராத்திரி.
உள்ளே சுகிர்தா. மூக்கில் குழாய்.
காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை
பார்க்க விடுகிறார்கள்.
மற்ற நேரமெல்லாம் வேதத்தில்
கப்பல் உடைகிற அந்த ஓர் அதிகாரம்.

வேறெதுவும் ஓடவில்லை.
சங்கீதங்கள்கூட இப்போது பெரிய சத்தம்.
இதில்
நம் புயல்களுக்கு இருப்பதுபோல் காற்றுக்கு ஒரு பெயர்,
ஆழம் பார்த்த கணக்கு: இருபது பாகம், பிறகு பதினைந்து.
முதுநகர்த் துறைமுகத்தில் எஞ்சின் பிரிக்கிறவனுக்கு
இது போதும்.

ஒன்றுதான் இடறியது.
நங்கூரம் நாலையும் பின்னணியத்திலிருந்து போட்டார்களாம்.
யாராவது பின்னால் போடுவார்களா?
அணியத்தில் போட்டால்தானே படகு
காற்றுக்கு முகம் கொடுக்கும்.
எழுதியவருக்குக் கடல் தெரியாது என்று
மூன்று நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று சாயந்தரம் டீக்கடையில் உறைத்தது.
பின்னால் கட்டினால் கப்பல் திரும்பாது.
அதன் மூக்கு கரையைப் பார்த்தே நிற்கும்,
கரை எதுவென்று தெரியாத இருட்டிலும்.
டீ ஆறிப்போயிற்று.

போட்டுவிட்டு அவர்கள் ஏங்கியது
காற்று நிற்க அல்ல.
விடிய.

நானோ பத்து நாளும்
காற்றை நிறுத்தச் சொல்லி
மேலே உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த பகுதியை
எங்கள் சபை ஐயர் பிரசங்கித்ததே இல்லை.
நங்கூரம் இறக்கப்போகிற பாவனையில்
மாலுமிகள் சின்னப் படகை இறக்கி
நழுவப் பார்த்தது.
எட்டாம் ராத்திரி
மருந்து வாங்கி வருகிறேன் என்று மச்சினனிடம் சொல்லிவிட்டுக்
கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்தவன் நான்.
தவளக்குப்பம் வரை போய்விட்டேன்.
மடியில் வெறும் பை.
பக்கத்து சீட்டில் யாரோ பெற்ற குழந்தை
என் சட்டையைப் பிடித்தபடி தூங்கிப்போயிருந்தது.
அது விழிக்காமல்
ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்கையில்
எதுவோ அறுந்தது.
இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

அங்கே போர்ச்சேவகர்கள் கயிற்றை வெட்டினார்கள்.
எனக்கு
மாதுளை முத்து அளவு நகங்கள்.

பவுல் ரொட்டியை எடுத்து ஸ்தோத்திரம் சொன்னதும்
விடிவதற்கு முன்னால்தான். இதையும் இன்றுதான் பார்க்கிறேன்.
பன் ஒன்று இருந்தது. மச்சினனுக்குப் பாதி.
நன்றி என்று வாய் வந்தது,
எதற்கு என்று வரவில்லை.
அப்படியே தின்றோம்.

கப்பல் உடையும். அதுவும் எழுதியிருக்கிறது.
முன்பெல்லாம் அந்த வசனத்தைத் தாவி
பலகை பிடித்துக் கரையேறுகிற இடத்துக்கு ஓடிவிடுவேன்.
இப்போது அதற்கு முந்தின வரியிலேயே
விரலை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மணி மூன்றரை. கொசு.
எழுந்து போர்வையைத் திருப்பி விரிக்கிறேன்,
படுத்தால் முகம்
அவள் இருக்கும் ஜன்னலைப் பார்க்கும்படி.