நடுத்தட்டு

மின்கட்டண உறையின் பின்பக்கத்தில்
எழுத உட்கார்ந்தேன்.
மினசோட்டாவில் நவம்பர் பாதி.
ஏரியோரம் தண்ணீர்
ஆறிய பாலைப்போல் ஏடு கட்டியிருக்கிறது.
ஓக் மட்டும் இன்னும் இலையை விடவில்லை.
நன்றியறிதல் நாளுக்குப் பதினோரு பேர்,
ஒரு குழந்தை நாற்காலி.

முதல் வரியைக் காலியாக விட்டேன்.
இருபத்தெட்டு வருஷமாய் அதில் இருந்தது வான்கோழி.

இந்தத் தடவை வேண்டாம் என்றவர்
டாக்டர் இல்லை, மகள் இல்லை,
ஆர்விட்.
வான்கோழி ஆலையில் நான்காம் வரிசையில்
முப்பத்தோரு வருஷம் நின்றவர்.
இடது மூட்டு, வலது மூட்டு,
இடது மூட்டு, வலது மூட்டு.
செப்டம்பரில் கடைசி நாள் முடிந்து வந்தவர்
பூட்ஸைக் கராஜிலேயே கழற்றிவிட்டு
"இனிப் பறவை வேண்டாம்" என்றார்.
"பறவை மட்டுமா?"
கொஞ்சம் யோசித்தார்.
"கேட்டால் போய்க்கொண்டே இருக்கும்.
எதுவுமே வேண்டாம்."
அதற்குமேல் நான் கேட்கவில்லை.
பேசாத மனிதர் ஒரு வாக்கியம் பேசினால்
அதில் உப்புப் பார்க்கக் கூடாது.

சரி, காட்டரிசி. எழுதினேன்.
டெல்ஃபீன் தன் படகிலிருந்து தட்டி எடுத்தது,
இரண்டு பை கொடுத்திருக்கிறாள்.
காளான் குழம்பு.
பீன்ஸ். அதன்மேல் ஊற்றும் டின் சூப்பில் பால்;
அடித்தேன்.
சர்க்கரைவள்ளி. அதன்மேல் உருகும் மார்ஷ்மெல்லோ
தோலும் எலும்பும் காய்ச்சிய பசையாம்;
அடித்தேன்.
ஆப்பிள் பை. மாவில் பன்றிக்கொழுப்பு.
அந்தக் கொழுப்புக்காகத்தான்
சர்ச் ஏலத்தில் என் பை அறுபது டாலருக்குப் போனது.
பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு
அடித்தேன்.
இத்தனை வருஷம்
காய்கறி என்று நாங்கள் பரிமாறியதில் எல்லாம்
யாரோ ஒரு மாடு, யாரோ ஒரு பன்றி
பெயர் சொல்லாமல் உட்கார்ந்திருந்தது.

நாத்தனார் மார்கிட் போன் செய்தாள்.
"அப்போ மேசை நடுவில் என்னதான் இருக்கும்?"
எனக்கும் தெரியவில்லை.
"என் ஜெல்லோவையாவது கொண்டு வரலாமில்லையா?
பச்சைதானே அது."
நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது மார்கிட், என்றேன்.
அவள் பேசவில்லை. அவள் வீட்டு டிவி பேசியது.
பிறகு, தணிந்த குரலில்,
"அவனுக்கு உடம்பு ஏதாவது? மறைக்காமல் சொல்."
"நன்றாகத் தூங்குகிறார்" என்றேன்.
உண்மைதான்.
செப்டம்பரிலிருந்து
அவர் விரல்கள் இருட்டில்
போர்வையை வெட்டுவதில்லை.

ஞாயிறன்று ஒத்திகை.
பெரிய பூசணி ஒன்றை முழுசாகச் சுட்டேன்,
வயிற்றுக்குள் காட்டரிசி, செலரி, சேஜ் இலை,
காய்ந்த கிரான்பெரி.
தோல் கறுத்து, ஒருபக்கம் சாய்ந்து
அந்த நீள்வட்டத் தட்டில் உட்கார்ந்தது.
கல்யாணத்துக்கு வந்த தட்டு; பறவைக்கென்றே செய்தது,
சாறு ஓட ஓரத்தில் வாய்க்கால் உள்ளது.
வாய்க்கால் காய்ந்து கிடந்தது.

வழக்கம்போல் கத்தியை அவரிடம் நீட்டினேன்.
நீட்டிய பிறகுதான் உறைத்தது.
வாங்கிக்கொண்டார்.
இடது கை பூசணிமேல் போனது.
கட்டைவிரல் தானாக விலாவோரம் இறங்கியது,
கீழே, இன்னும் கொஞ்சம் கீழே.
"மூட்டு இல்லை" என்றேன்.
"தெரியும்" என்றார்.
விரல் நிற்கவில்லை.

அப்புறம் கத்தியை வைத்துவிட்டு
ஒரு கரண்டியை எடுத்தார்.
தொட்ட இடமெல்லாம் விட்டுக்கொடுத்தது.

உப்புக் குறைவு. சேஜ் அதிகம்.
அடியில் அரிசி இரண்டு மூன்று பல்லில் இடறியது.
மறுபடியும் போட்டுக்கொண்டார்.

உறையில் இன்னும் இடம் இருக்கிறது.
மார்கிட்டுக்குக் கடற்பாசிப் பொடி,
பச்சையை அவளே கலந்துகொள்ளட்டும்.
பை மாவுக்குத் தேங்காயெண்ணெய்,
புதன்கிழமைக்குள் ஒருமுறை பார்க்க வேண்டும்.
டோர்வால்ட் தன் வேனில்
ஒரு ஹாமை ஒளித்துக்கொண்டுதான் வருவான்,
அவனைத் தெரியாதா எனக்கு.
கராஜில் வைத்துத் தின்னட்டும்,
அந்த பூட்ஸுக்குப் பக்கத்தில்.
குளிரும்.
ஒரு நாற்காலி போட்டுவைக்கிறேன்.