குறை வார்ப்பு

பெட்டியைத் திறந்ததும் எண்ணிவிட வேண்டும்.
ஏ முதல் ஜே வரை பத்துச் சட்டங்கள்,
பாலிதீன் உறைக்குள் சாம்பல், நீலம்,
கொஞ்சம் ரத்தச் சிவப்பு.
மீன் முள்ளைப் போல நடுவில் தண்டு,
இருபுறமும் தோள், முட்டி, கணுக்கால்,
இன்னும் யாருடையதும் ஆகாத உறுப்புகள்.

ஜுபைலில் இப்போது இரவு பத்து.
கேம்ப்பின் சி பிளாக், அறை பதினேழு.
கீழ்க்கட்டிலில் ரோடெல் குறட்டை விடுகிறான்,
இந்தப் பித்தை எனக்கு ஒட்டவைத்துவிட்டு
நிம்மதியாகத் தூங்குகிறவன்.
மேல்கட்டிலில் குறுக்கே ஒரு பலகை,
நெற்றியில் விளக்கு,
கையில் ஒரு வார மெஸ் காசை விழுங்கிய கட்டர்.

முதல் வெட்டு தள்ளி,
இரண்டாம் வெட்டு ஒட்டி.
அவசரப்பட்டால் பிளாஸ்டிக் வெளுக்கும்
அழுத்திப் பிடித்த நகம் போல.
மிச்சத் தழும்பை
நானூறு, எண்ணூறு, ஆயிரம் என்று
உப்புத்தாளில் தேய்க்கிறேன்,
விரல் நுனிக்கு மட்டும் தெரிகிற வரை,
பிறகு அதற்கும் தெரியாத வரை.

பகலில் நான் அள்ளுவதும் இதே சரக்குதான்.
பாலிஸ்டைரீன். வெள்ளைக் குருணை.
மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ,
ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு மூட்டை.
சட்டைப் பையில், காலுறையில்,
ஒருமுறை காதுக்குள்.
கப்பலேறிப் போகிறது, எங்கே என்று
எங்களுக்குச் சொல்வதில்லை.
தயிர்க் கோப்பையாகலாம்,
ஃப்ரிட்ஜின் உள்சுவராகலாம்,
இந்த ரோபோவின் இடது முட்டியாகி
என் கட்டிலுக்கே திரும்பி வந்திருக்கலாம்.
வந்திருக்காது.
ஆனாலும் ஒவ்வொரு பெட்டியிலும் முட்டியை
ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொள்வேன்.

இந்த முறை எஃப் சட்டம், இருபத்திரண்டாம் எண்.
இடது கை.
மூன்று விரல் முழுசு.
சுண்டுவிரலும் பக்கத்து விரலும்
பாதியில் உருண்டு நின்றுவிட்டன, வழவழவென்று.
யாரும் உடைக்கவில்லை.
அச்சு நிரம்பும் முன்பே குழம்பு ஆறியிருக்கிறது.
எங்கள் லேப்பில் இதற்குப் பெயர் குறை வார்ப்பு.
அதற்கு ஒரு படிவம், மூன்று கையெழுத்து.

எழுதிக் கேட்டால் மாற்றுக் கை அனுப்புவார்களாம்.
முகவரிக் கட்டத்தில்
தெருப் பெயர் கேட்டார்கள், வீட்டு எண் கேட்டார்கள்.
எனக்கு இருப்பது கட்டில் எண்.

அறைக்குள் தீ கூடாது.
வெற்றுச் சட்டத்தின் துண்டு ஒன்றோடு
புகைக்கும் கொட்டகைக்குப் போனேன்.
சிகரெட் பிடிக்காதவன் லைட்டர் கேட்டால்
காரணம் கேட்காமல் நீட்டுகிற ஆள்
அருமைநாயகம் அண்ணன் மட்டும்தான்.
சுடருக்கு மேலே, சுடர் தொடாமல்
உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.
பளபளக்கும்போது இழுத்தால் கம்பி நூலாகும்,
நடுவில் எங்கோ ஒரு விரலின் பருமன் வந்து போகும்.
ஐந்து தப்பு.
ஆறாவதில் பிடித்துவிட்டேன்.

"என்னடே அது?"

கையை நீட்டினேன்.
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
தன் வலது கையின் மிச்ச மூன்று விரலால் பிடித்து.
போன நோன்பு மாசம், கன்வேயர் பெல்ட்.
ஒரு படிவம், மூன்று கையெழுத்து,
சம்பளத்தோடு ஒன்பது நாள் லீவு.

"ரெண்டு செய்யுதல்லா? நாலா செஞ்சிரு."

எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை.
அவர்தான் முதலில் சிரித்தார், இருமல் வரும் வரை.
"நகம் வைக்காண்டாம்.
வெட்டுத வேல மிச்சம்."

ஏசிக்குக் கீழே, ஜன்னல் விளிம்பில் நிற்கிறது இப்போது.
இரண்டு விரல் மட்டும் வேறு சாம்பல்.
ஒட்டு தெரியட்டும் என்ற தத்துவமெல்லாம் இல்லை,
ஸ்ப்ரே டப்பாவை கேம்ப் சோதனையில்
எடுத்துப் போய்விட்டார்கள்.

கட்டிலடியில், ரோடெலின் சேஃப்டி ஷூவுக்குப் பக்கத்தில்
இன்னும் நாலு பெட்டி, பிரிக்காமல்.
அதற்குள் இதுவரை
எல்லாருக்கும் பத்து விரல்.